அம்மா சுகம்

11.1.97 சனி

வெளியே மைனஸ் பதினாறு. ரி.வி.யில் இருந்தது. எண்கள் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எழுத்துத்தான் புதிது.

இன்று புதுக் கொப்பி. பழையது நிரம்பிவிட்டது. முதியோர் தமிழ் வகுப்புத் தவமணி ரீச்சர் சொன்னா: "இனிப் பாத்து எழுதுறதை விடுங்கோ, பொன்னையா அண்ணை. உங்கட நாளை எழுதுங்கோ. ஒருத்தரும் திருத்தமாட்டினம்." ஆகவே இது. வயது எழுபத்திரண்டு. ஒரு பக்கத்துக்கு முக்கால் மணித்தியாலம். விரல் நோகிறது. சந்தோஷம்.

செ. என்றால் செல்வி, மகள். ம. என்றால் மருமகன். முழுதாக எழுதக் கை தாங்காது.

இன்று வாசித்தவை:
அரிசி மூட்டை, இரண்டு பக்கமும்.
தமிழ்க் கடைப் பெயர்ப்பலகை, நடந்துகொண்டே.
இலவசப் பத்திரிகையில் ஒரு மரண அறிவித்தல் முழுவதும். யாரோ எவரோ. ஆனாலும் முழுவதும்.
கறிவேப்பிலைப் பொதியில் "கறிவேப்பிலை". "உள்ளுக்கை தெரியுதுதானே அப்பா, அதை ஏன் வாசிக்கிறியள்?" என்று செ. சிரித்தாள்.

வகுப்பில் கூடப் படிக்கிற சின்னராசா என் கொப்பியை எட்டிப் பார்த்து: "அண்ணை, உங்கட 'ஞ' குளிருக்குக் குந்தியிருக்கிற மாதிரிக் கிடக்கு." நான்: "உன்ரை குந்தவும் இல்லை, விழுந்து கிடக்குது." ரீச்சரும் சிரித்துவிட்டா.

13.1.97 திங்கள்

பனி. இரண்டாவது எலிவேற்றர் வேலை செய்யவில்லை. பதினான்கு மாடி, ஒரு எலிவேற்றர், கீழே சண்டை.

கடிதம் ஒன்று. இங்கிலாந்து முத்திரை. எங்கள் ஊர் விலாசத்தை வெட்டி, கொழும்பில் தங்கச்சி மகனின் விலாசம். அதையும் வெட்டி, கனடாவில் இந்த வீட்டு விலாசம். எட்டு மாதம் அலைந்திருக்கிறது. செ. வேலையால் வரும்வரை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் எனக்கு ஏபிசி மட்டும்.

எழுதியவள் ஜீன். கந்தையா அண்ணரின் மகள்!

என் ஒரே அண்ணர். என்னைவிட ஐந்து வயது மூப்பு. அப்பா ஒருவரைத்தான் பள்ளிக்கு அனுப்பலாம் என்றார், அவரை அனுப்பினார். 46-இல் கொழும்பில் கப்பலேறினார். கப்பல் அடுப்புக்குக் கரி போடுகிற வேலை. இங்கிலாந்தில் இறங்கி, வடக்கே டர்ஹம் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கம். 61-க்குப் பிறகு கடிதம் இல்லை. வெள்ளைக்காரனாகிவிட்டார் என்று ஊர் சொன்னது. நானும் சொன்னேன்.

"பெரியப்பா இப்ப இல்லையாம், அப்பா."

"எப்பவாம்?"

"வடிவா எழுதேல்லை. கொஞ்சக் காலம் எண்டு நினைக்கிறன்."

இருந்தால் எழுபத்தேழு. போகிற வயதுதான் என்று சொல்லிக்கொண்டேன். குளியலறையில் கொஞ்சம் அழுதேன்.

ஜீனுக்கு நாற்பது வயது. சொந்தக்காரரைத் தேடி ஒரு வம்ச அட்டவணை போடுகிறாள். தாயின் பக்கம் ஐந்து தலைமுறைச் சுரங்கக்காரர்கள், எல்லாப் பெட்டியிலும் பெயர். தகப்பன் பக்கம் ஒரே ஒரு பெட்டி. அதற்கு மேலே வெறுமை. அவள் கேட்பது:
1. பாட்டி எப்போது காலமானார்.
2. கூட வைத்திருக்கிற தமிழ்க் கடிதங்களில் என்ன இருக்கிறது. அங்கே வாசிக்க ஆளில்லை.
3. நாங்கள் யார்.

கந்தையா என்பதைக் குடும்பப் பெயர் என்று நினைத்து, லண்டன் ரெலிபோன் புத்தகத்தில் இருக்கிற கந்தையாக்கள் எல்லோருக்கும் வருடக்கணக்காகப் போன் எடுத்திருக்கிறாள். பாவம். தகப்பன் பெயர் முதலெழுத்தாகும், தன் பெயர்தான் பெயர் என்று அவளுக்கு யார் சொல்வது? அவர் வே. கந்தையா. நான் வே. பொன்னையா. ஒரே வயிற்றில் பிறந்து, வெள்ளைக்காரன் கணக்கில் நானும் அண்ணரும் அந்நியர். ஒரு கந்தையா "சொந்தமில்லாட்டி என்ன, சாப்பிட வா" என்றாராம். போய்ச் சாப்பிட்டாளாம். செ.யும் நானும் சிரித்தோம்.

அவளது முழுப்பெயர் ஜீன் தெய்வானை கந்தையா. தெய்வானை எங்கள் அம்மா.

கடிதங்கள் ஒன்பது, போட்டோக்கொப்பி. பார்த்தவுடன் தெரிந்தது. இராசம்மாவின் கை. என் மனைவி. அவள் போய் நான்கு வருடம். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதி நாங்கள் அண்ணருக்கு அனுப்பியவை. எல்லாவற்றையும் வைத்திருந்திருக்கிறார்.

"நான் வாசிச்சுச் சொல்லட்டோ, அப்பா?"

"தொடாதை. நான் வாசிப்பன்."

14.1.97 செவ்வாய்

பொங்கல். மின் அடுப்பில் பால் பொங்கி வழிய, புகை மணி அலற, ம. கதிரையில் ஏறி நின்று துவாயால் விசுக்கினார். பொங்கல் நல்லது. கொஞ்சம் அடிப்பிடித்தது.

முதற்கடிதம். 49. இரண்டரை மணித்தியாலம். ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து, சொல்லாக்கி, வாய்விட்டுச் சொல்ல, அது என் பேச்சு! இருபத்துநாலு வயதுப் பொன்னையாவின் பேச்சு. "அம்மா சுகம். சிவப்பிப் பசு கன்று போட்டது, நாம்பன். மழை பிந்திவிட்டது. நீங்கள் மண்ணுக்குக் கீழே சாப்பிடுவது என்ன?"

வாயால் சொன்னது போய்விட்டது என்று நினைத்திருந்தேன். இருந்திருக்கிறது. செ.யைக் கூப்பிட்டு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். ம.வுக்கு ஒரு தரம். இன்று மாதிரி ஒரு நாள் எனக்கு இருந்ததில்லை.

16.1.97 வியாழன்

எழுத மனமில்லை. எழுதுகிறேன்.

காலை இரண்டாம், மூன்றாம் கடிதங்கள் முடிந்தன. பிறகு ஜீனின் கடிதத்தை எடுத்து ஏபிசி பார்த்தேன். செ. ஒரு தாளைத்தான் அன்று வாசித்தாள். இரண்டாம் தாள் இருக்கிறது. அதில் ஓர் எண். 1961.

ம. வேலைக்கு மிசிசாகா போக வெளிக்கிட்டு நின்றார். தாளை நீட்டினேன்.

"இதிலை என்ன இருக்குது?"

"செல்வி வரட்டுமே, மாமா."

"நீர் சொல்லும்."

சொன்னார். சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னார்.

அண்ணர் செத்தது 1961 மார்கழி. சுரங்கத்துக்குள். ஞாயிற்றுக்கிழமை. கரி வெட்டு இல்லாத நாள். திருத்த வேலைக்குச் சிலர் மட்டும் இறங்குவார்களாம். கூரைக் கல் விழுந்தது. வயது நாற்பத்தொன்று. ஜீனுக்கு நாலு. தாய்க்கு வருத்தம் கடுமை என்று கடிதம் வந்ததால், ஊருக்குப் போகக் கப்பல் காசு சேர்க்க ஆறு மாதமாக ஒரு ஞாயிறும் விடாமல் இறங்கினாராம்.

இன்னொன்று. கடிதங்களின் எழுத்து பெண் எழுத்து என்று ஜீனின் தாய் எல்சிக்குத் தெரியுமாம். அண்ணருக்கு ஊரில் ஒரு மனைவி இருக்கிறாள், அவளிடம் போகத்தான் காசு சேர்த்தார் என்று இன்றுவரை நினைக்கிறாவாம். அந்தக் கோபத்தில்தான் மரணத்தை எங்களுக்கு அறிவிக்கவில்லை. இப்போது எழுபது வயது, நெஞ்சு வருத்தம். "உண்மை எதுவானாலும் சொல்லுங்கள், அம்மா கேட்கிறா" என்று ஜீன் முடித்திருக்கிறாள்.

செ. வந்தாள். "உங்களுக்குப் பிரஷர் எண்டபடியால்தான் சொல்லேல்லை, அப்பா." நான் யார் திட்ட?

அம்மா செத்தது 53 மாசியில்.

நாங்கள் அண்ணருக்குச் சொல்லவில்லை. தூரத்தில் தனியே இருக்கிறவனுக்கு இழவு சொல்வதில்லை. "மண்ணுக்குக் கீழை நிக்கிற பிள்ளை, மனம் உடைஞ்சால் கைகால் தவறிப்போடும். வரேக்கை சொல்லுவம்" என்றார் பெரியமாமா. எல்லோரும் சரி என்றார்கள். நல்லதென்றே செய்தோம். வரவில்லை. ஆகவே ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரி: அம்மா சுகம்.

எட்டு வருடம்.

18.1.97 சனி

மைனஸ் ஒன்பது. வகுப்புக்குப் போனேன். வீட்டில் இருந்தால் கடிதக் கட்டு என்னைப் பார்க்கிறது.

சின்னராசாவிடம் அண்ணர் இருந்த இடம் டர்ஹம் என்று சொல்ல, "உது இஞ்சை கனடாவிலை, எங்கட விட்பிப் பக்கமெல்லோ! என்ரை பெறாமகன் அங்கைதான் வீடு வாங்கினவன். ட்ரெயினிலை ஒரு மணித்தியாலம். வாங்கோ, பாத்திட்டு வருவம்" என்றான். இது வேறு டர்ஹம், இங்கிலாந்து என்றேன். "ஓ," என்றான். பிறகு தன் தேநீரில் பாதியை எனக்கு ஊற்றினான். நல்லவன்.

ரீச்சர்: "இண்டைக்கு நிறைய எழுத்து விட்டிட்டியள்." குளிர் என்றேன்.

நாலு முதல் ஏழு வரை வாசித்தாயிற்று. வேகம் கூடிவிட்டது. கூடாமல் இருந்திருக்கலாம்.

நாலு: "அம்மா நீங்கள் அனுப்பிய கம்பளிச் சால்வையைப் போர்த்துக்கொண்டு கோயிலுக்குப் போனா." சால்வை வந்தபோது அம்மா போய் ஏழு மாதம். சால்வையைப் போர்த்தது பெரியமாமி.

ஐந்து, கலியாணச் செய்திக்கு மறுமொழி: "வெள்ளைக்காரப் பிள்ளை என்றாலும் அம்மாவுக்குச் சந்தோஷம். விபூதி வைத்து ஆசீர்வதித்து இத்துடன் அனுப்புகிறா." விபூதியை மடித்தது நான்.

ஏழு, ஜீன் பிறந்ததற்கு: "தன் பெயரை வைத்ததற்கு அம்மா அழுதா. பிள்ளையின் படம் தலைமாட்டில் இருக்கிறது."

எந்தத் தலைமாடு? ஆனால் எவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறேன். வாசிக்கும்போது எனக்கே அம்மா எழும்பி நடக்கிறா.

19.1.97 ஞாயிறு

எட்டாவதில் விசேஷமில்லை. வெங்காயம், மழை, செ. பிறந்தது, அம்மா சுகம்.

ஒன்பதாவது. 61 ஆனி. நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. இவ்வளவு வடிவாக இல்லை.

"அண்ணை, அம்மாவுக்கு இந்த முறை கடுமை. உங்கள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு கிடக்கிறா. தைக்கு முதல் வந்தால் முகம் பார்க்கலாம். பிந்தினால் எங்களைக் குறை நினைக்க வேண்டாம்."

இதை எந்தப் பெரியவரும் சொல்லச் சொல்லவில்லை. நான்தான். எனக்கு அண்ணர் வேண்டும். பதினைந்து வருடம் பார்க்கவில்லை. செல்விக்கு ஒரு வயது, அவர் அவளைத் தூக்க வேண்டும். அம்மா என்று சொன்னால்தான் வருவார். வந்த பிறகு காலில் விழலாம், விடாமல் பிடித்து வைக்கலாம் என்று நினைத்தேன்.

இராசம்மா பேனையை வைத்துவிட்டாள் அன்று. "இஞ்சாருங்கோ, உது பாவம். நான் எழுதமாட்டன்." எழுது என்றேன். சத்தம் போட்டேன். எழுதினாள்.

அண்ணரின் மறுமொழி வந்தது. அதையும் அவள்தான் வாசித்தாள்: மார்கழி முடிய ஒரு மாத லீவில் வருகிறேன், திரும்பிவிட வேண்டும், பிள்ளை சின்னன். அந்தக் கடிதங்கள் இப்போது இல்லை. சண்டைக்குள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது வீட்டோடு போயின. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. உண்மையை எப்படியோ அறிந்து கோபித்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு நானும் கோபித்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருடம், செத்த மனிதரோடு கோபம்.

கடிதத்தின் அடியில், என் பெயருக்கும் கீழே, சின்ன எழுத்தில் ஒரு வரி. மடிப்பில் மங்கிக் கிடந்தது. கண்ணாடியைத் துடைத்து, யன்னலடியில் பிடித்துப் பார்த்தேன். நான் சொன்ன வரி இல்லை.

"அத்தான், அவசரப்பட வேண்டாம். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு ஆறுதலாக வாருங்கோ. ஒன்றும் பிந்தாது. இராசம்மா."

முப்பத்திரண்டு வருடம் அதற்குப் பிறகு என்னோடு குடித்தனம் நடத்தினாள். சொல்லவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறாள்.

அண்ணருக்கு அந்த வரி விளங்கவில்லை. எப்படி விளங்கும்?

22.1.97 புதன்

பனி நிற்கவில்லை. மருந்துக்குக் கீழே போனேன். எலிவேற்றரில் நான் மட்டும். கதவு மூடிக் கீழே இறங்க, அண்ணர் எழுதிய ஒன்று நினைவு வந்தது: சுரங்கத்துக்குள் ஒரு இரும்புக் கூட்டில் நின்று இறங்குவோம், அடிவயிறு மேலே நிற்கும், ஒருவரும் பேசமாட்டார்கள். கீழே கதவு திறந்தும் வெளியே வரவில்லை. ஒரு பிலிப்பீன் பெண் "ஓகே, சேர்?" என்றாள். ஓகே.

மாலை செ. மறுமொழி எழுதி வந்தாள். அழகான ஆங்கிலம், ஒன்றரைத் தாள்.

"என்ன எழுதியிருக்கிறாய்?"

"கடிதம் எழுதினது அம்மா, பெரியப்பாவின்ரை தம்பி பெண்சாதி எண்டு. அவருக்கு ஊரிலை மனிசி இல்லை எண்டு. தாய்க்குச் சுகமில்லை, அவவைப் பாக்கத்தான் ஆசைப்பட்டவர் எண்டு."

"அம்மா எப்ப செத்தவ எண்டு எழுதினாய்?"

"எழுதியிருக்கு."

தாளை வாங்கினேன். எண்ணைத் தேடினேன். 1962.

"செல்வி."

"அப்பா, ஒரு வருத்தக்காரி. மனிசன் தாயைப் பாக்க ஆசைப்பட்டுச் செத்தவர் எண்டால் அவவுக்கு ஒரு ஆறுதல். இல்லாத தாய்க்காகச் செத்தவர் எண்டு இப்ப ஏன் போய்ச் சொல்லுவான்? ஆருக்கு நன்மை? அங்கை ஒருத்தருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாமல் இருந்தது."

பிறகு, "உங்களைத்தான் கொலைகாரன் எண்டு நினைப்பினம்," என்று அழுதாள். என் பிள்ளை. என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். பெரியமாமா அண்ணரைக் காப்பாற்றப் பார்த்த அதே மாதிரி.

1962-ஐ அப்படியே விட்டால் எல்லாம் சரியாகிவிடும். அந்தக் கிழவி நிம்மதியாகக் கண் மூடுவா. அட்டவணையில் அம்மாவின் பெட்டியில் ஒரு பொய். யாருக்குத் தெரியும்?

இரண்டு தேநீர். சோறு வேண்டாம்.

25.1.97 சனி

வகுப்பு முடிய ரீச்சரை மறித்துச் சொன்னேன். முழுவதும். சின்னராசாவும் கேட்டுக்கொண்டு நின்றான். போகச் சொல்லவில்லை.

"ஆங்கிலத்திலை எழுதித் தாங்கோ ரீச்சர். நான் பாத்து எழுதுறன்."

"மகள் எழுதமாட்டாவோ?"

"அவ வடிவா எழுதுவா. எனக்கு வடிவு வேண்டாம்."

ரீச்சர் கேட்டுக் கேட்டு எழுதினா. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு போடட்டோ?"

"வேண்டாம். போட்டால் அவை மறுமொழி எழுதவேண்டி வரும்."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தா. சின்னராசா, "அண்ணை, சொல்லாமல் விட்டாலும் ஒரு குற்றமுமில்லை. நாங்கள் எல்லாரும் செய்யிறதுதானே. என்ரை அக்கா செத்ததை எனக்கு ஒரு வருசம் கழிச்சுத்தான் சொன்னவை," என்றான்.

"சொன்னாப்போலை உனக்கு என்ன செய்தது?"

யோசித்தான். "அந்த ஒரு வருசமும் அவவுக்குப் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் வாழ்த்துக் காட் அனுப்பினனான். வெக்கமாப் போச்சுது."

27.1.97 திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பார்த்து எழுதினேன். ஆங்கில எழுத்துக்கு வளைவு குறைவு, ஆனாலும் ஆறு தாள் பாழ். எழுதியது இவ்வளவுதான்:

உன் பாட்டி தெய்வானை 1953-இல் இறந்தார்.
உன் அப்பாவுக்கு நாங்கள் சொல்லவில்லை. உயிரோடு இருப்பதாக எட்டு வருடம் எழுதினோம்.
கடைசிக் கடிதத்தில், சாகக் கிடக்கிறார், விரைவாக வாருங்கள் என்று பொய் சொன்னது நான்.
எழுதியது என் மனைவி. அவசரப்பட வேண்டாம் என்று அவள் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள்.
உன் அப்பாவுக்கு ஊரில் மனைவி இல்லை.
ஒரு மாதத்தில் உங்களிடம் திரும்புவதாக எழுதியிருந்தார்.
பொன்னையா, தம்பி.

கூடவே ஒன்பது கடிதங்களையும் சொல்லுக்குச் சொல் ரீச்சர் ஆங்கிலத்தில் ஆக்கியது. செ. உறையில் விலாசம் எழுதித் தந்தாள். தபாற்பெட்டிக் கதவு பனியில் இறுகிக் கிடந்தது. கையுறையைக் கழற்றித் தட்டித் திறந்தேன்.

5.2.97 புதன்

ஒன்றுமில்லை. பால், முட்டை, செ.யின் இருமல்.

16.2.97 ஞாயிறு

வெயில். பனி உருகி யன்னலில் வழிந்தது. பத்து மணிக்குப் போன். செ. எடுத்து, கண்ணைப் பெரிதாக்கி, அறையிலிருக்கிற மற்றப் போனை என்னை எடுக்கச் சொன்னாள்.

ஜீன். குரல் தடித்தது. "அங்கிள்" என்று சொன்னாள், அது விளங்கியது. பிறகு நெடுகப் பேசினாள். செ. நடு நடுவே தமிழில்: கடிதம் கிடைத்தது. இரண்டு கிழமை தாயிடம் சொல்லவில்லை. நேற்றுச் சொல்லிவிட்டாள். தாய் பக்கத்தில் இருக்கிறா, பேச வேண்டுமாம்.

எல்சி வந்தா. மூச்சு வாங்குவது முதலில் கேட்டது.

செ.: "அந்த எழுத்து உங்கட மனிசியின்ரைதானோ எண்டு கேக்கிறா."

"யெஸ்," என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ சத்தம். சிரிப்போ அழுகையோ. "என்ன வடிவான எழுத்தாம், அப்பா. எத்தினை தரம் அடுப்பிலை போடப் போனவவாம். அந்த வடிவுக்காகத்தான் கோபமாம். ஒரு மாதத்திலை திரும்பி வாறன் எண்டு அவர் தனக்கும் சொன்னவராம். தான் நம்பேல்லையாம்."

பிறகு எல்சி மெதுவாக ஒன்று கேட்டா. அதில் "சண்டே" இருந்தது. செ. மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம், செல்வி?"

"ஒண்டுமில்லை அப்பா. சும்மா."

"சொல்லு."

"அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் இறங்கியிருக்கத் தேவையே இல்லைத்தானே எண்டு கேக்கிறா." பிறகு அவசரமாக, "நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறன், நீங்கள் வையுங்கோ."

"நோ," என்றேன், எல்சிக்கு. "நோ நீட்."

அதற்குப் பிறகும் அவ போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.